டார்ச் அண்ணாச்சி தண்ணீர் கேட்ட மத்தியானம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, காற்று, கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. அன்றைக்கு ஏன் கிடையாது என்பது சுலபம், என் வேலை அப்படி. மாட்டுங்காவில் ஒரு காது டாக்டரிடம், வருகிறவர்களுக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கிற வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, சன்னமாக ஒரு சத்தத்தை அனுப்பி, கேட்டால் பட்டனை அமுக்குங்கள் என்பேன். நம்பினால் நம்புங்கள், நான் சத்தமே அனுப்பாதபோதும் அமுக்குகிறவர்கள் உண்டு. ஒரு மாமி சான்பாடாவிலிருந்து அழுதுகொண்டே வந்தார், "யாரோ பேர் சொல்லிக் கூப்பிடறாப்ல இருக்குடி" என்று. "ஒண்ணுமில்ல மாமி, நரம்பு பண்ற சேஷ்டை" என்று சொல்லி அனுப்பியவள் நான்தான். காது எவ்வளவு பொய் சொல்லும் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு தெரிந்துவைத்திருக்கிறேன். இன்றைக்கும் ஏன் நம்பிக்கை இல்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதுவரை குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

நாங்கள் அப்போது தாராவியில் இருந்தோம். ஒரு ஆள் ஒதுங்கினால்தான் இன்னொரு ஆள் போகமுடிகிற ஒரு கல்லி, அதில் கீழே ஒரு அறை, மேலே மாளா என்று ஒரு மச்சு, இரண்டுக்கும் நடுவில் செங்குத்தாக ஒரு இரும்பு ஏணி. அப்பா தோல் பட்டறையில் வேலை, என் அண்ணன் சுடலைமுத்துவும் அதே பட்டறையில் பைகளுக்கு வார் தைக்கிற வேலை. எனக்கும் அவனுக்கும் பத்து வயசு வித்தியாசம் இருக்கும். கல்லியில் யார் வீட்டிலாவது விசேஷம் என்றால் எல்லாரும் காசு போட்டு ஒரு நாளைக்குக் கலர் டிவியும் வீடியோ பிளேயரும் வாடகைக்கு எடுப்பார்கள், எடுத்த காசுக்கு நஷ்டம் வரக்கூடாது என்று படத்துக்கு மேல் படமாக ஓடும். மத்தியானம் பெரியவர்கள் சாப்பிட்டுச் சாயும்போது மட்டும் டிவி பிள்ளைகளுக்கு. எங்களுக்கு என்று இருந்தது ஒரே ஒரு கேசட், எதிர்வீட்டு ஸ்டீபனின் அப்பா கப்பல் வேலையிலிருந்து வரும்போது எங்கேயோ வாங்கிவந்த கார்ட்டூன்.

நீலத் துணியை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு ஆள் பறப்பான், தலையில் தகரத் தொப்பி, நெற்றியில் ஒரு விளக்கு. என்ன மொழி என்று அந்தக் கல்லியில் ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளைகள் புரியாமல் கத்தவே அண்ணன் என்ன செய்தான் தெரியுமா, டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு ஏணியின் நடுப்படியில் ஏறி உட்கார்ந்து, எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து எல்லாருக்கும் அவனே பேச ஆரம்பித்தான். விளக்குக்காரனுக்கு டார்ச் அண்ணாச்சி என்று பெயர் வைத்தான். படத்தில் உயரமாக ஒன்று நிற்கும், அது கல்லிக்குத் தண்ணீர் வருகிற டேங்க் என்றான். சுறாமீன் மூஞ்சிக்காரன் ஒருத்தன் அதற்குப் பூட்டுப் போட்டுவிட்டான், டார்ச் அண்ணாச்சி எங்கள் நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து பறந்து வந்து உடைக்கிறார், இதுதான் கதை. சண்டையெல்லாம் முடிந்ததும் கடைசியில் அண்ணாச்சி எங்களைப் பார்த்து, "சரி பிள்ளையளா, சோலி முடிஞ்சுது, அண்ணாச்சி வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்பார். அப்போதுதான் நாங்கள் எழுந்திருப்போம்.

இதில் என் கூத்து தனி. எல்லாரிலும் நான்தான் பொடிசு, டிவியில் மூக்கு முட்டுகிற மாதிரி முன்னால் உட்கார்ந்திருப்பேன், பின்னால் பேசுவது அண்ணன் என்று எனக்குத் தெரியாது. டார்ச் அண்ணாச்சியே எங்கள் வீட்டுத் தமிழ் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது பின்னால் திரும்பினால் அண்ணன் பேச்சை நிறுத்திவிடுவான், அதனால் ஒருத்தரும் திரும்பவும் மாட்டார்கள். ஒரு தடவை அவனுக்குப் பேசிப் பேசித் தொண்டை காய்ந்துபோய், அண்ணாச்சி குரலிலேயே, "ஏட்டி செல்விப்பிள்ள, தொண்ட காஞ்சு போச்சு, ஒரு வாய் தண்ணி கொண்டா" என்றான். நான் ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டுகொண்டு வந்து பயபக்தியாக டிவிக்கு முன்னால் வைத்தேன். கல்லியே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை, படம் முடிந்ததும் இறங்கிவந்து, "அண்ணாச்சி எனக்கு மிச்சம் வச்சிருக்காரு" என்று சொல்லி அந்தத் தண்ணீரைக் குடித்தான். அதற்கப்புறம் கேசட் போடும்போதெல்லாம் அண்ணாச்சி என்னிடம் தண்ணீர் கேட்பார், நானும் டிவிக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் காலையில் அண்ணன் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனான். பட்டறைக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டில் சண்டை கிடையாது, வெளியில் வம்பு கிடையாது, ஒன்றும் கிடையாது. இருபது வயசு ஆள், பத்து நிமிஷ நடைக்குள் காணாமல் போனான், அவ்வளவுதான். அப்பா ஸ்டேஷன் ஸ்டேஷனாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். பிணவறையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து வாசலிலேயே நின்று, "அவன் இல்ல" என்பார். அப்போது மட்டும் அம்மா சிரிப்பாள்.

அப்பா போய்ச் சேர்ந்தார். நானும் அம்மாவும் செம்பூருக்கு வந்தோம். எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம். அம்மா கடைசியாகப் படுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "ஏட்டி, அவன் படத்துக்கு மாலை போட்டிராத. போட்டுட்டா அவன் வார வழி அடைஞ்சு போவும்." அதனால் அமாவாசைக்கு அமாவாசை அப்பா படத்துக்கும் அம்மா படத்துக்கும் மாலை போட்டு இலை போடுவேன், அண்ணன் படம் மட்டும் எதிர்ச்சுவரில் வெறுமனே தொங்கும்.

இந்த ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் ஊரிலிருந்து சித்தி போன் செய்தாள். அம்மாவுடன் பிறந்தவள், நல்லதைத்தான் சொல்லுவாள், ஆனால் மூச்சுவிடாமல் சொல்லுவாள்.

"இந்த வருசம் மூணு இலை போட்டுரு செல்வி. எத்தன வருசம் ஆச்சு! இருந்தா வந்திருக்க மாட்டானா? செத்தவனுக்கு அமாவாசைக்கு ஒரு வாய் தண்ணி காட்டலைன்னா தாகத்தோட அலைஞ்சுக்கிட்டே கெடப்பான்ட்டி. அந்தப் பாவம் உனக்கு எதுக்கு?"

"அம்மா போடக்கூடாதுன்னு சொல்லியிருக்கா சித்தி."

"அவளும் போயிட்டாளே. இனி யாரு காத்துக்கெடக்கா, நீ ஒருத்தி!"

உண்மைதான். காத்திருக்க நான் ஒருத்திதான் மிச்சம். வேலைவிட்டு வந்து கதவைத் திறந்தால் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லாத வீடு. அதில் உட்கார்ந்து வராதவனுக்காகக் காத்திருப்பது எனக்கும் அலுத்துப்போயிருந்தது. மாலை போட்டால் அவன் செத்தவன், போடாவிட்டால் எங்கேயோ இருக்கிறவன். இதை முடிவு செய்கிற வேலையை எல்லாருமாகச் சேர்ந்து என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்களே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்திலேயே செம்பூர் ஸ்டேஷன் பக்கம் போய்ப் பூக்காரியிடம் மூன்று மாலை கேட்டேன். எப்போதும் இரண்டு வாங்குகிறவள் மூன்று கேட்டதும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

இதில் ஸ்டீபன் எங்கே வருகிறான் என்றால், அவன் இப்போது பாண்டுப்பில் ஏசி ரிப்பேர் செய்கிறான். தாராவியில் அவர்கள் பழைய வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று மாளாவைக் காலி பண்ணினபோது அவன் அப்பா பிற்பாடு வாங்கிவைத்த வீடியோ பிளேயரும் அந்தக் கேசட்டும் கிடைத்திருக்கிறது. சும்மா இருக்காமல் இரண்டையும் துடைத்து, பூஞ்சை எடுத்து, ஒரு வாரத்துக்கு முன்னால் என் வீட்டில் கொண்டுவந்து டிவியில் வயரையும் சொருகிவிட்டுப் போனான். "ஏய் செல்வி, மஸ்த்தா ஓடுது, போட்டுப் பாரு" என்றான். போட்டுப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை, அப்படியே கிடந்தது.

அமாவாசை அன்று லீவு போட்டிருந்தேன். விடிந்ததிலிருந்து மழை, மும்பை மழை உங்களுக்குத் தெரியும்தானே, ஜன்னலுக்கு வெளியே எதிர் பில்டிங்கே தெரியவில்லை, காக்காய்க்குச் சாதம் வைத்தால் காக்காயையும் காணோம். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, வடை எல்லாம் செய்து, டிவி மேசை ஓரத்தில் மூன்று இலை போட்டேன். அப்பாவுக்கு மாலை போட்டேன், அம்மாவுக்குப் போட்டேன். அண்ணன் படத்தை ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து அவர்களுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்து, மூன்றாவது மாலையைக் கையில் எடுத்தேன், கை போகவில்லை. படத்தில் அவனுக்கு இருபது வயசு, மீசைகூட ஒழுங்காக இல்லை, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். சரி, போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை டார்ச் அண்ணாச்சியைப் பார்த்துவிடலாம், அதற்கப்புறம் போட்டுவிடலாம் என்று மாலையைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கேசட்டைத் தள்ளினேன்.

கோடுகோடாக ஓடி, படம் வந்தது. அதே நீலத் துணி, அதே தகரத் தொப்பி. ஆனால் வாயைத் திறந்தால் வேறு யாரோ, வேறு பாஷை. நான் பார்த்து வளர்ந்தவர் இல்லை இவர். தண்ணி டேங்க் என்று அண்ணன் சொன்னது டேங்கே இல்லை, ராக்கெட். பூட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு அழுகையாக வந்தது. இத்தனை வருஷம் கழித்துக் கிடைத்த ஒன்று, அதிலும் அவன் இல்லையே என்று. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தேன், திரையில் பூஜ்யம் என்று காட்டியது, அதை நன்றாகப் பார்த்தேன். குறைத்துவிட்டு, தனியாக இருக்கிற பைத்தியக்காரி இல்லையா, நானே பேச ஆரம்பித்தேன். "ஏலே, தண்ணிய அடைச்சவன் எவம்லே?" என்றேன். என் குரல் எனக்கே சகிக்கவில்லை. அடுத்த வரி என்னவென்று யோசித்தேன், வரவில்லை.

அடுத்த வரி பின்னாலிருந்து வந்தது.

"எங்க கல்லிப் பிள்ளையளுக்கு நாக்கு வறண்டு கெடக்கு, நீ பூட்டப் போட்டுக்கிட்டு நிக்கியோ?"

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். ஆனால் சத்தம் எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது என் பிழைப்பு. பின்னால், என் தலைக்குக் கொஞ்சம் மேலே, ஏணியின் நடுப்படியில் உட்கார்ந்தவனுக்கு வாய் இருக்கிற உயரம். என் வீட்டில் ஏணி கிடையாது. பின்னால் இருப்பது சுவர், அதில் படத்தைக் கழற்றிய ஆணி. குரல் நிற்காமல் பேசிக்கொண்டே போனது, திரையில் வாய் அசைகிற இடத்தில் சரியாகப் பேசியது, சுறாமூஞ்சிக்காரனுக்குக் கீச்சுக் குரல், அண்ணாச்சிக்குக் கட்டைக் குரல், நடுநடுவே இருமல். நான் திரும்பவில்லை. பயம் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பினால் நிறுத்திவிடுவான் என்றுதான் திரும்பவில்லை. அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தேன், கொஞ்ச நேரத்துக்கு அந்த வீட்டில் நான் தனியாக இல்லை.

அப்புறம் அது கேட்டது. "ஏட்டி செல்விப்பிள்ள, தொண்ட காஞ்சு போச்சு. ஒரு வாய் தண்ணி கொண்டா."

எழுந்தேன். பின்னால் பார்க்காமல் பக்கவாட்டிலேயே அடுக்களைக்குப் போய், டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, எப்போதும் வைக்கிற மாதிரி டிவிக்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். குரல் இல்லை. மழைச் சத்தம் மட்டும். திரையில் சண்டை ஓடியது, முடிந்தது, டார்ச் அண்ணாச்சி என்னைப் பார்த்துத் திரும்பி வாயைத் திறந்து என்னமோ சொன்னார், அந்த வரியை யாரும் பேசவில்லை. வீட்டுக்குப் போயிட்டு வாரேன் என்று சொல்லவேண்டிய இடம். நான் கேசட் தீர்ந்து திரை நீலமாகும்வரை காத்திருந்தேன். அப்புறம்தான் திரும்பினேன். ஆணி இருந்தது.

அப்போதுதான் எனக்குச் சித்தி சொன்னது உறைத்தது. அமாவாசை அன்றைக்கு மத்தியானம் இலை போட்ட வீட்டில் வந்து தண்ணீர் கேட்பது யார்? யோசிக்காமல் கொண்டுவந்து வைத்தும்விட்டேன், அதுவும் அப்பா அம்மா இலைகளுக்குப் பக்கத்திலேயே. அம்மா எதைச் செய்யாதே என்றாளோ அதை மாலை இல்லாமல் தண்ணீரால் செய்துவிட்டேனா? டம்ளரை எடுத்தேன். வெளியே கொட்டினால் செத்தவனுக்கு விட்ட தண்ணீர் ஆகிவிடும். சிங்கில் ஊற்ற மனசு வரவில்லை. சட்டென்று நானே மடமடவென்று குடித்துவிட்டேன், ஒரு சொட்டு விடாமல். படையலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, வீட்டில் இருக்கிற ஒருத்தி தாகத்துக்குத் தண்ணீர் குடித்தாள், அவ்வளவுதான் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டீபனை வரச்சொன்னேன். சத்தம் வைத்துப் போட்டான், வைக்காமல் போட்டான். சத்தம் வைத்தால் அந்தப் புரியாத பாஷை, வைக்காவிட்டால் ஒன்றும் இல்லை.

"பக்கத்து வீட்டு டிவியா இருக்கும் செல்வி."

"பக்கத்து வீட்ல மராத்திக்காரங்க. அவங்க டிவியில டார்ச் அண்ணாச்சி கதையா ஓடும்? ஆளப் பாரு."

"அரே, கோவப்படாத. வேற என்ன சொல்லிச்சு?"

"தண்ணி கேட்டான்."

ஸ்டீபன் முகம் மாறிவிட்டது. ரிமோட்டைக் கீழே வைத்தான். மெதுவாக, "அப்போ மாலைய போட்டுரு செல்வி. பாவம், அவனே வந்து கேட்டுட்டான்லா" என்றான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான். எனக்குத்தான் எங்கிருந்தோ ஆத்திரம் வந்து, "உன் பிளேயரத் தூக்கிக்கிட்டுக் கெளம்பு" என்று கத்திவிட்டேன். போன் செய்து மன்னிப்புக் கேட்கவேண்டும், இன்னும் கேட்கவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனதும் என்னோடு வேலை செய்கிற பெண்ணைக் கூப்பிட்டு என் காதையே பார்க்கச் சொல்லிக் கூண்டுக்குள் உட்கார்ந்தேன். சத்தம் வந்தபோது அமுக்கினேன், வராதபோது அமுக்கவில்லை. "தீதீ, உங்க காது குழந்தை காது" என்று சிரித்தாள். அந்தக் கூண்டுக்குள் வெளிச்சத்தம் ஒன்றும் வராது, நம் மூச்சு மட்டும்தான் கேட்கும். அதில் உட்கார்ந்து அந்தக் குரலை மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தபோதுதான், ஸ்டீபனிடமும் சித்தியிடமும் இன்றுவரை சொல்லாத அந்த ஒன்று எனக்குப் பிடிபட்டது.

எங்கள் அண்ணன் குரல் கணீரென்று இருக்கும், கல்லிமுனையில் கூப்பிட்டால் மாளாவில் கேட்கும். நான் அன்றைக்குக் கேட்டது அந்தக் குரல் இல்லை. அவன்தான், ஒவ்வொரு வார்த்தையும் அவன்தான், ஆனால் குரல் கரகரத்துக் கிடந்தது. ஒரு வரி முடிவதற்குள் மூச்சு வாங்கியது. கடைவாய்ப் பல் போனவர்கள் பேசுகிற மாதிரி சில எழுத்து வழுக்கியது. அந்த மாதிரிக் குரல்களை நான் தினம் கூண்டுக்குள் உட்காரவைத்துக் கேட்கிறேன், ஐம்பது தாண்டிய ஆண்களின் குரல். அண்ணன் இருந்தால் அவனுக்கு இப்போது அந்த வயசுதான். செத்தவனுக்கு வயசு ஏறுமா, நீங்களே சொல்லுங்கள். படத்தில் இருபதிலேயே நிற்கிறானே, அப்படித்தானே நிற்கவேண்டும்?

அதனால்தான் சொல்கிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. நம்பினால் அவன் செத்துவிட்டான் என்று ஆகிவிடும். மூன்றாவது மாலையைப் பிள்ளையார் படத்துக்குப் போட்டேன், அண்ணன் படம் திரும்பவும் ஆணிக்கே போய்விட்டது, சித்தியிடம் போட்டாச்சு என்று பொய் சொல்லிவிட்டேன். இதெல்லாம் எனக்கு உறுத்தவில்லை. உறுத்துவது ஒன்றுதான், இன்றைக்கும் தண்ணீர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் கை நிற்கிறது. எங்கேயோ வயசாகித் தொண்டை காய்ந்து கிடந்தவன், அத்தனை வருஷம் கழித்து, என்னிடம்தான் ஒரு வாய் தண்ணீர் கேட்டான். நான் கொண்டுவந்து வைத்துவிட்டு, நானே எடுத்துக் குடித்துவிட்டேன்.